‘பாரிஸ் சலோனில் காட்டப்பட்டது’: எந்த சலோன் என்று கண்டுபிடிப்பது எப்படி

ஏலப் பட்டியல்களிலும் ஓவியர் வாழ்க்கைக் குறிப்புகளிலும் ‘பாரிஸ் சலோனில் காட்டப்பட்டது’ என்ற வரி அடிக்கடி வரும். அதை அப்படியே எடுத்து எழுதிவிட வேண்டாம். சலோன் என்ற பெயரில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அமைப்புகள் கண்காட்சி நடத்தின. சிலவற்றில் நடுவர் குழுவைத் தாண்ட வேண்டும். சிலவற்றில் சந்தா கட்டினால் போதும். எனவே முதலில் ஆண்டைப் பாருங்கள்.

1648இல் தொடங்கிய அரச ஓவிய, சிற்பக் கழகம் 1793இல் கலைக்கப்படும் வரை ஒழுங்காக இயங்கியது. 1791க்கு முன் அதன் சலோனில் கழகத்தாருக்கு மட்டுமே இடம். அதிலும் 1751 முதல் 1791 வரை ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் நடந்தது. ‘சலோன், 1774’ என்று யாராவது எழுதியிருந்தால் அது இந்த சலோன் இல்லை. பெரும்பாலும் ஓவியர் கில்டின் (தொழில்குழுவின்) கிளையான செயின்ட் லூக் கழகத்தின் கண்காட்சியாக இருக்கும். ஓவியர் எலிசபெத் விழே லெ பிரன் 1774இல் படம் வைத்தது அங்கேதான். அரசக் கழகம் அவரை 1783இல்தான் சேர்த்தது.

19ஆம் நூற்றாண்டில் விடுபட்ட ஆண்டுகளை நினைவில் வையுங்கள். 1854, 1856, 1858, 1860, 1862 ஆகிய ஆண்டுகளில் சலோன் இல்லை. போரால் 1871லும் இல்லை. 1848இல் புரட்சிச் சூட்டில் நடுவர் குழுவே இல்லாமல் 5,000க்கும் மேற்பட்ட படைப்புகளை ஏற்றார்கள். அந்த ஆண்டின் ‘ஏற்கப்பட்டது’ ஒரு தகுதிச் சான்றே அல்ல. 1863இல் இரண்டு கண்காட்சிகள்: ஒன்று சலோன், மற்றொன்று நடுவர் குழுவால் மறுக்கப்பட்டவர்களுக்கானது.

உண்மையான குழப்பம் 1881இல் ஆரம்பிக்கிறது. அரசு சலோனைக் கைவிட, பிரெஞ்சு கலைஞர் சங்கம் அதை ஏற்று நடத்தியது. 1884இல் சுயேச்சைக் கலைஞர் சங்கம் வந்தது: நடுவர் இல்லை, பரிசும் இல்லை. 1889 உலகக் கண்காட்சியில் பதக்கம் வாங்கியவர்களை நடுவர் தேர்விலிருந்து விலக்கலாமா என்ற சண்டையில் ஓவியர் மெசோனியே தலைமையில் ஒரு கூட்டம் பிரிந்து, 1890இல் தேசியக் கலைச் சங்கத்தை நிறுவியது. 1903இல் இலையுதிர்கால சலோன். ஆகவே 1905இல் மட்டும் பாரிசில் நான்கு பெரிய சலோன்கள். எந்தச் சங்கம் என்று சொல்லாமல் ‘சலோன், 1905’ என்றால் அந்தக் குறிப்பு பயனற்றது.

பிரிக்கச் சில தடயங்கள் உண்டு. 1890களில் கண்காட்சி நடந்த இடம் ‘ஷான் த மார்ஸ்’ என்றால் தேசியச் சங்கம், ‘ஷாம்ஸ் எலிசே’ என்றால் பிரெஞ்சு கலைஞர் சங்கம். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய கிராண்ட் பலே மாளிகைக்கு இரண்டும் குடிபோன பிறகு முகவரி உதவாது. அப்போது பதக்கத்தைப் பாருங்கள். அக்காலத்தில் தேசியச் சங்கம் பதக்கமே கொடுக்கவில்லை. ‘1895 சலோனில் மூன்றாம் வகுப்புப் பதக்கம்’ என்றால் பிரெஞ்சு கலைஞர் சங்கம்தான். பெயரருகே ‘எச்.சி.’ (ஓர் கொன்கூர், ‘போட்டிக்கு வெளியே’) என்றிருந்தால், முன்னர் வாங்கிய பதக்கத்தால் அவர் இனி நடுவர் முன் நிற்கத் தேவையில்லை என்று அர்த்தம். ஓவியர் மானே 1881இல் இரண்டாம் வகுப்புப் பதக்கம் பெற்ற பின் அந்த நிலைக்கு வந்தார். அதிகம் ஏமாற்றும் சொல் ‘சொசியேத்தேர்’. தேசியச் சங்கத்தில் அது தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் உயர்படி. அதற்குக் கீழே ‘அசோசியே’. பிரெஞ்சு கலைஞர் சங்கத்தில் வெறும் உறுப்பினர் என்று பொருள்.

சங்கம் தெரிந்ததும் கண்காட்சிக் கையேட்டைத் திறவுங்கள். இதை லிவ்ரே என்பார்கள். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் ஏராளமாகக் கிடைக்கும். ஓர்சே அருங்காட்சியகத்தின் சலோன் தரவுத்தளம் 1673 முதல் 1914 வரை போகிறது. புரட்சிக்கு முந்தைய கையேடு பதவி வரிசையில் இருக்கும், அகரவரிசையில் தேடினால் கிடைக்காது. 19ஆம் நூற்றாண்டுப் பதிவில் வரிசை எண், பெயர், பிறந்த ஊர், ஆசிரியர், முகவரி, தலைப்பு இருக்கும்.

இங்கே மூன்று இடங்களில் கால் இடறும். ஒன்று, அளவு. பழைய கையேடுகள் பாரிஸ் அடியில் சொல்கின்றன: ஓர் அடி 32.48 செ.மீ., 12 அங்குலம். ‘4 அடி உயரம், 3 அடி அகலம்’ என்றால் 130 × 97 செ.மீ. ஆங்கில அடியாக எடுத்தால் 122 × 91 வரும். சரியான படத்தையே வேறு படம் என்று தள்ளிவிடுவீர்கள். இரண்டு, தலைப்பு. 1863இல் மறுக்கப்பட்டவர்களோடு மானே வைத்த ‘குளியல்’தான் இன்று ‘புல்வெளியில் மதிய உணவு’. வெறும் ‘நிலக்காட்சி’, ‘திருமதி எக்ஸ்’ என்ற தலைப்புகளைப் பெயர்ப் பொருத்தம் மட்டும் வைத்து ஏற்காதீர்கள். அளவோ, அக்கால விமர்சகரின் வர்ணனையோ, கேலிச்சித்திரமோ துணைக்கு வேண்டும். மூன்று, ஆண்டு. ‘ஒலிம்பியா’வை 1863இல் தீட்டினார், 1865இல்தான் காட்டினார். படத்திலுள்ள ஆண்டின் கையேட்டில் பெயர் இல்லையென்றால், அடுத்த சில ஆண்டுகளையும் புரட்டுங்கள்.

கையேட்டில் ‘ஓவியர் போகெரோவின் மாணவர்’ என்ற வரியிலிருந்து அரசு நுண்கலைப் பள்ளியில் படித்தார் என்று முடிவு கட்டக் கூடாது. போகெரோ தனியார் ஜூலியன் அகாடமியிலும் கற்பித்தார். மாணவர் பெண் என்றால் கணக்கு எளிது: அரசுப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. அதுபோல, ‘ரோம் பரிசு பெற்றவர்’ என்றால் முதல் பரிசா இரண்டாம் பரிசா என்று பாருங்கள். ரோமில் தங்கிப் படிக்கும் வாய்ப்பு முதல் பரிசுக்கானது.

படம் கைக்கு எட்டினால் பின்புறத்தையும் பாருங்கள். சட்டகத்திலுள்ள எண்ணைக் கையேட்டு எண் என்று அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். படத்தை ஒப்படைக்கும்போது கொடுத்த பதிவு எண் வேறு. கையேடு திறப்பு விழாவுக்கு முன்பே அச்சாகிவிடும். அதனால் அதில் பெயர் இருந்தும் கடைசி நேரத்தில் சுவரேறாத படங்களும் உண்டு. அப்படிப்பட்ட சந்தேகத்தை நாளிதழ் விமர்சனம்தான் தீர்க்கும்.