ஒரு கமா இல்லாமல் போன ஆர்டர்

கரூரில் ஒரு ஜவுளி அலுவலகத்தில் ஆர்டர் கடிதங்கள் எழுதுவது என் வேலை. சாயப்பட்டறைக்கு ஒருமுறை இப்படி எழுதினேன்: “கருநீலம் பச்சை மெரூன் 50 கிலோ சாயம் ஏற்றி அனுப்பவும்.” நான் நினைத்தது நிறத்துக்கு 50 கிலோ. வந்ததோ மூன்றும் சேர்த்து 50. பட்டறைக்காரர் மேல் தப்பே இல்லை. என் வரியை அப்படியும் படிக்கலாம்.

இப்போது எழுதுவது: “கருநீலம், பச்சை, மெரூன்: தலா 50 கிலோ.” நூல் நம்பரும் (நூலின் பருமனைச் சொல்லும் எண்) சேர்ந்தால் கமா மட்டும் போதாது, எது எதோடு சேரும் என்று குழப்பும். அங்கே அரைப்புள்ளிதான் கைகொடுக்கிறது: “கருநீலம், 20-ஆம் நம்பர், 50 கிலோ; பச்சை, 40-ஆம் நம்பர், 30 கிலோ.” ‘கருநீலமும் பச்சையும்’ என்று ‘உம்’ போட்டால் கமா வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. “இப்போது அனுப்ப வேண்டாம் பணம் வந்ததும் சொல்கிறேன்” போன்ற வரிகளில் ‘வேண்டாம்’ முடிந்ததும் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன். மூச்சு நிற்கிற இடத்தில் குறி இல்லையென்றால் அந்த வரியை மறுபடி பார்க்கிறேன்.