18 கிலோமீட்டர் தாண்டியதும் கால் ஓடாதா? முதல் மராத்தானுக்கு லாங் ரன் ஓடும் முறை

ஜனவரியில் நடக்கும் சென்னை மராத்தானில் முதல்முறையாக 42.195 கி.மீ. ஓடப் பெயர் கொடுத்தவர்களுக்கு உண்மையான சோதனை அக்டோபர், நவம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். வார நாட்களில் 8 கி.மீ. சுலபமாக ஓடுகிறவர்கூட வாரம் ஒருமுறை ஓடும் நீண்ட தூர ஓட்டமான லாங் ரன்னில் 18-ஐத் தாண்டியதும் தடுமாறுவார். தனக்குத் தெம்பு போதவில்லை என்று நினைத்துவிடுவார். பெரும்பாலும் அதுவல்ல காரணம். முதல் 5 கி.மீ.யை வேகமாக ஓடியிருப்பார், வழியில் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

முதலில் வேகத்தைக் குறையுங்கள்

5 மணி நேரத்தில் முடிப்பது இலக்கு என்றால் பந்தய வேகம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி. லாங் ரன்னை 8 நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஓடுங்கள். வேகம் கூடக் கூட, தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு சீக்கிரம் தீரும். மெதுவாக ஓடினால் உடல் கொழுப்பையும் கூடவே எரிக்கும், கையிருப்பு நீடிக்கும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை உலராது, உடல் சூடு இறங்காது. வேகம் மாறாமலே இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் கடிகாரத்தைவிட மூச்சை நம்புங்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் அது லாங் ரன் வேகம் இல்லை.

9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே பிரித்து ஓடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த முறையைப் பரப்பிய ஜெஃப் காலவே 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்காமல் இருக்க நடப்பது வேறு.

16 வாரத் தூரம்

வாரம் ஒரு லாங் ரன் போதும்: 12, 14, 16, 12, 18, 20, 22, 16, 24, 26, 28, 20, 30, 22, 14 கி.மீ., பதினாறாவது ஞாயிறு பந்தயம். நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது வாரங்களில் தூரம் இறங்குவதைக் கவனியுங்கள். எலும்பும் தசைநாரும் தேறுவது அந்த வாரங்களில்தான். நன்றாக ஓடுகிறோமே என்று அவற்றைத் தாண்டிக் குதிப்பவர்களே அடிபடுகிறார்கள்.

எந்த ஓட்டமாக இருந்தாலும் 3 மணி 30 நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுங்கள், 26 கி.மீ.தான் ஆகியிருந்தாலும் சரி. அதற்கு மேல் ஓடுவதில் லாபம் குறைவு, தேறுவதற்கு ஆகும் நாட்கள் அதிகம்.

தண்ணீர், சாப்பாடு

காலை 4:30-க்கே கிளம்பினால் வெயில் ஏறுமுன் பெரும்பகுதி முடியும். முந்தின இரவு எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். சோறும் பருப்பும், அல்லது தயிர்சாதம். கிளம்ப 45 நிமிடம் முன்பு ஒரு வாழைப்பழம்.

40-வது நிமிடத்தில், பசி வருமுன்பே, சாப்பிடத் தொடங்குங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். சிறிய பேரீச்சம்பழம் நான்கிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கொட்டையை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். கடலை மிட்டாய் ஓட்டம் முடிந்த பிறகு நல்லது; ஓடும்போது தூள் தொண்டையில் சிக்கும், கடலையின் கொழுப்பு செரிக்கவும் நேரமாகும்.

ஓ.ஆர்.எஸ். குடித்தால் சாப்பாடு வேண்டாம் என்று நினைப்பது பரவலான தவறு. லிட்டருக்கு அதில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. அது உப்புக்கு, சக்திக்கு அல்ல.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லி குடியுங்கள். உங்கள் கணக்கு சரியா என்று அறிய, ஓடுமுன்னும் பின்னும் ஈர உடையைக் களைந்து எடை பாருங்கள். 60 கிலோ இருந்தவர் 2 மணி நேரத்தில் 1 லிட்டர் குடித்தும் 58.5-க்கு வந்தால், அவருக்கு வியர்வை மொத்தம் 2.5 லிட்டர். அடுத்த முறை மணிக்கு 150 மில்லி கூட்டலாம். முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட முடியாது, வயிறு தாங்காது. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

5 கி.மீ. சுற்றாக ஓடி, வண்டியில் பாட்டில்களையும் மாற்றுக் காலுறையையும் வையுங்கள். வியர்வை தொடை வழியாக வடிந்து ஷூவுக்குள் சேரும், 15 கி.மீ.யில் பாதம் சளக் சளக் என்று அடிக்கும். ஊறிய தோலில்தான் கொப்புளம் வரும். அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் இடைவெளி எல்லாவற்றிலும் கிளம்புமுன் வாஸ்லைன் தடவுங்கள். பெருவிரலுக்கும் ஷூ முனைக்கும் இடையே கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையென்றால் நகம் கறுக்கும்.

எந்த வலிக்கு நிற்பது

இரண்டு தொடையிலும் பரவலாக, ஒரே மாதிரி வலித்தால் சாதாரண அசதி. ஒரே காலில், விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில், குறிப்பாக முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலித்தால் அங்கேயே நிறுத்தி ஆட்டோ பிடியுங்கள். எலும்பில் கீறல் விழத் தொடங்கியிருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வலி மாத்திரையான இப்யூபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஒரு வாரம் தவறிப்போனால் அட்டவணையில் அடுத்த வாரத்துக்குப் போங்கள். இரண்டு வாரம் விட்டுப்போனால் கடைசியாக ஓடிய தூரத்திலிருந்து இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். விட்டதை ஒரே ஞாயிறில் சேர்த்து ஓட வேண்டாம்.