ராஜ்மகால் மலைச் சபைகளுக்குச் செல்வோர் ஆராதனையில் கலந்துகொள்ளும் முறை

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளிலிருந்து வடநாட்டு மிஷனெரிப் பணித்தளங்களைப் பார்க்கச் செல்லும் குழுக்களில், ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகளில் வாழும் மால்தோ மக்களிடம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஹாரியா என்றும் அழைக்கப்படும் இம்மக்கள் நம்மைப் போலவே ஒரு திராவிட மொழியைப் பேசுகிறவர்கள். மலைச் சரிவுகளில் காட்டை வெட்டிச் சுட்டு மக்காச்சோளமும் பயறும் விளைவிக்கிறவர்கள். அவர்கள் ஏழைகள் என்பது உண்மை. ஆராதனையும் ஏழ்மையானதாகத்தான் இருக்கும் என்று எண்ணி மலையேறுகிறவர் அங்கே பிரசங்கியாகிவிடுகிறார்; நாம் போக வேண்டியதோ சபையாரில் ஒருவராக.

மழைக்காலத்தைத் தவிர்த்து, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். சாகிப்கஞ்ச், பாகூர், கோட்டா, தும்கா ஆகிய 4 மாவட்டங்களிலும் மலேரியாவோடு, மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் காய்ச்சலும் இருந்துவருவதால், கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம் வேண்டும்.

புறப்படுமுன் குழுவினர் அனைவரும் அறிய வேண்டியது ஜார்க்கண்டின் 2017ஆம் ஆண்டு மதச் சுதந்திரச் சட்டம். வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு; மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ சிறுவராகவோ பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் அது 4 ஆண்டு, 1 லட்சம் வரை போகும். ஜெபம் முடிந்த கையோடு போர்வையும் பிஸ்கட்டும் வழங்குவது நமக்கு அன்பாகத் தோன்றினாலும், புகார் எழுதுகிறவருக்கு அதுவே ஆசைகாட்டலாகிவிடும். நாம் ரயிலேறிய பின் காவல் நிலையத்துக்கு நடக்கப்போகிறவர் உள்ளூர்ப் போதகர்தான். ஆகவே பொருள் எதையும் கையில் கொண்டுபோகாதீர்கள்.

ஆராதனை எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள். சந்தைக்கும் காட்டுக்கும் போனவர்கள் திரும்பி, பெண்கள் மலையடியிலுள்ள ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்த பிறகுதான் சபை கூடும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத் தரையில் அமருங்கள். விருந்தாளிகளுக்கென்று கட்டிலையோ நாற்காலியையோ தூக்கிவந்து முன்னால் போடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர் அதில் உட்காரட்டும், மற்றவர்கள் பாயிலேயே இருக்கலாம். மேளம் தொடங்கியதும் பாட்டு நெடுநேரம் நீளும். முன்பாடுகிறவர் ஓர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் அதையே திரும்பத் திரும்பப் பாடுவதால், ஒரு பாட்டையாவது அங்கே பணிசெய்யும் மிஷனெரியிடம் கேட்டு முன்கூட்டியே தமிழெழுத்தில் எழுதிவைத்துக்கொண்டால் கூடவே பாடலாம். கீபோர்டும் ஒலிபெருக்கியும் ஊரிலேயே இருக்கட்டும்.

பேசச் சொன்னால் 5 நிமிடம் போதும். தமிழிலிருந்து இந்திக்கும் அங்கிருந்து மால்தோவுக்கும் போக வேண்டியிருப்பதால் அதுவே கால் மணி நேரமாகும் (நம் ஊர் அரைமணிச் செய்தியை அங்கே நினைத்தும் பார்க்காதீர்கள்). உங்கள் வறுமையை ஆண்டவர் மாற்றுவார் என்ற பாணிப் பேச்சு அறவே வேண்டாம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காகவும் காணாமற்போன ஆட்டுக்காகவும் ஒரே குரலில் விண்ணப்பம் சொல்வார்கள். சிரிக்காமல், இரண்டுக்கும் ஜெபியுங்கள். சுகமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய காய்ச்சல் என்றால் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போகும்படி மிஷனெரியிடம் சொல்லுங்கள்.

காணிக்கையில் தானியமும் சில்லறையும் விழும் இடத்தில் 500 ரூபாய்த் தாளைப் போடுவது, பிடி மக்காச்சோளம் கொண்டுவந்த கிழவியைத் தலைகுனிய வைக்கும். நீங்களும் சில்லறையே போடுங்கள். பெரிய உதவியை ஊர் திரும்பிய பிறகு பணித்தளத்தை நடத்தும் சங்கத்தின் கணக்கில் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே ஊரில் முன்னோர் வழிபாட்டைத் தொடரும் குடும்பங்களும் இருக்கும். அவர்கள் வழிபடும் கல்லருகிலோ மரத்தடியிலோ நின்று படம் எடுப்பதும், அதைச் சாத்தானின் இடம் என்று பேசுவதும் கூடாது. கிறிஸ்தவர்களும் அவர்களும் ஒரே ஊற்றில் தண்ணீர் எடுக்கும் உறவினர்கள். ஞானஸ்நானப் படங்களை வாட்ஸப்பில் பகிராதீர்கள். நம் சபையில் அறிக்கை வாசிக்கும்போதும் கிராமத்தின் பெயரையும் விசுவாசிகளின் பெயர்களையும் விட்டுவிடுங்கள்.