சோற்றைக் கடைசியில் போடுங்கள்: மதியத் தட்டைச் சரிசெய்வது எப்படி?

எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு என்றால் முதலில் தட்டின் நடுவில் சோற்றுக் குவியல், அதில் குழி பறித்துச் சாம்பார். பொரியல் ஊறுகாயைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓரத்தில் கிடக்கும். நான் புதிதாக எதையும் வாங்கவில்லை. போட்டுக்கொள்ளும் வரிசையை மட்டும் தலைகீழாக்கினேன்.

படி 1: காய்
காலித் தட்டில் பாதியைக் காய்க்குக் கொடுங்கள். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. நாமோ கால் கிலோ பீன்ஸை நாலு பேருக்குப் பொரிக்கிறோம்! உடனே அந்த அளவுக்குத் தாவ வேண்டாம். ஒரு பொரியல், ஒரு கீரை என்று ஆரம்பியுங்கள். உருளைக்கிழங்கு வறுவல் இந்தக் கணக்கில் வராது, அது சோற்றின் பங்காளி.

படி 2: பருப்பு
பலரும் ஏமாறும் இடம் இதுதான். ‘தினமும் சாம்பார் வைக்கிறோமே’ என்பார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 25 கிராம். அதில் புரதம் ஐந்தாறு கிராம்தான். மேலே சொன்ன வழிகாட்டி நாளொன்றுக்குக் கேட்பது 85 கிராம் பருப்பு, பயறு. அதனால் தட்டில் கால் பங்கைக் கெட்டியான கூட்டுக்கோ சுண்டலுக்கோ ஒதுக்குங்கள். கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட்டால் காலையில் குக்கரில் வெந்துவிடும். மறந்துவிட்டீர்களா? பாசிப்பருப்பை ஊறவைக்காமலே வேகவைக்கலாம். அசைவம் உண்பவர்களுக்கு மீனோ முட்டையோ இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம்.

படி 3: சோறு
மிச்சமிருக்கும் கால் பங்கில் சோறு. பசி அடங்கவில்லை என்றால் மறுசோற்றுக்கு முன்னால் மறுபடி காயும் கூட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் உடலுழைப்பு செய்கிறவர்களுக்கு இந்தச் சோறு போதாது, அவர்கள் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்காதீர்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும்.

படி 4: எலுமிச்சையும் டீயும்
கீரையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள வைட்டமின் சி கைகொடுக்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ இதற்கு நேர்மாறு, அதிலிருக்கும் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சோற்றைக் குறைப்பதுகூட எனக்குப் பழகிவிட்டது. இந்த ஒரு மணி நேரம்தான் இன்னும் நீளமாக இருக்கிறது.