பழைய ஊருக்குள் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான திட்டங்களில் முதலில் முடிவாவது அகலம்தான். வண்டிகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று பார்ப்பது அதற்குப் பிறகே. வெட்டவெளியில் இதனால் பணம் மட்டுமே வீணாகும். பழைய ஊருக்குள் திரும்பக் கட்டமுடியாத வீடுகளும் போய்விடும்.

ஒரு நாள் கணக்கெடுப்பை நம்பாதீர்கள். சந்தை நாளும் விடுமுறை நாளும் அடங்கும்படி ஏழு நாள், 24 மணி நேரமும் எண்ண வேண்டும். கூடவே ஊரின் இரு முனைகளிலும் பதிவெண்களைக் குறித்துப் பொருத்திப் பாருங்கள். நுழைந்த லாரி நிற்காமல் மறுமுனையில் வெளியேறுகிறது என்றால் அதற்கு வேண்டியது புறவழிச்சாலை. பெரும்பாலான வண்டிகள் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டால், புறவழிச்சாலை போட்டாலும் நெரிசல் குறையாது.

நெரிசலுக்குக் காரணம் சாலையின் அகலம் என்று நினைப்பது அடுத்த தவறு. சந்திப்பில் பச்சை விளக்கு அணையாமல் எரிந்தால் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,800 கார்கள் போகும். பாதி நேரமே பச்சை என்றால் 900தான். இரு சந்திப்புகளுக்கு நடுவில் எத்தனை தடம் சேர்த்தாலும் சந்திப்பு அந்த 900ஐத்தான் விடும். சந்திப்பில் திரும்பும் வண்டிகளுக்குத் தனித் தடம், கடை வாசலில் சரக்கு இறக்க நேரக் கட்டுப்பாடு, ஓர நிறுத்தத்தை அகற்றுதல் ஆகிய மூன்றையும் செய்து பார்க்காமல் யார் வீட்டுச் சுவரிலும் சிவப்புக் கோடு போடக்கூடாது.

அகலக் கணக்கைப் பாருங்கள். 3.5 மீட்டர் வீதம் நான்கு தடம் 14 மீட்டர், மையத்தடுப்பு 1.2, இருபுறமும் 2 மீட்டர் நடைபாதை. மொத்தம் 19.2 மீட்டர், வடிகால் தனி. வேகத்தை மணிக்கு 30 கி.மீ. என வைத்தால் 3.25 மீட்டர் தடம் இரண்டே போதும், நடைபாதையோடு 10.5 மீட்டரில் அடங்கிவிடும். திறந்தவெளி நெடுஞ்சாலையின் குறுக்குவெட்டை அப்படியே ஊருக்குள் கொண்டுவந்து வைப்பதால்தான் இடிப்புப் பட்டியல் நீள்கிறது.

‘முகப்பில் ஒன்றரை மீட்டர்தானே’ என்று வெட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமானது. பழைய வீடுகளில் தூணும் விட்டமும் சேர்ந்த கான்கிரீட் சட்டகம் கிடையாது. சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. உத்தரங்களின் ஒரு முனை அந்த முன்சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். அதை எடுத்தால் பின்னறையும் தளரும். பொதுச்சுவர் இருந்தால் பக்கத்து வீடும் சேர்ந்து தளரும். முட்டுக்கொடுக்கும் செலவையும் மீதிக் கட்டடம் குடியிருக்கத் தேறுமா என்பதையும் இழப்பீட்டு மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். வெட்டுப்பட்ட துண்டின் பரப்பளவுக்கு மட்டும் பணம் கொடுப்பது கணக்கில் சரி, கட்டடத்துக்குச் சரியில்லை. வெட்டிய இடத்தைச் சிமென்ட் பூசி மூடுவதும் வேண்டாம். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை வெளியே விட்டாக வேண்டும், சிமென்ட் பூச்சு அதை உள்ளே அடைத்துவிடும்.

அதிர்வை யாரும் எஸ்டிமேட்டில் எழுதுவதில்லை. ஜெர்மனியின் டின் 4150-3 தரநிலை, குறுகிய நேர அதிர்வுக்குப் பழமையான கட்டடங்களின் அடித்தளத்தில் 10 ஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்து அசைவு) வரை அதிர்வின் வேகம் நொடிக்கு 3 மி.மீ. என வரம்பு வைக்கிறது, தொழிற்கூடங்களுக்கு 20. எனவே பழைய சுவர்களை ஒட்டி ரோலரின் அதிர்வை நிறுத்திவிட்டு வெறும் எடையால் மட்டும் உருட்டச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதற்கேற்ப, சாலையில் பரப்பும் ஒவ்வொரு அடுக்கின் கனத்தையும் குறைக்க வேண்டியிருக்கும். வேலைக்கு முன்பே எல்லா விரிசல்களையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, தேதியிட்டு, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். இது இல்லாவிட்டால் ‘ரோலரால் வந்தது’, ‘முன்பே இருந்தது’ என்ற சண்டை ஓயாது. இன்னொன்று: வீட்டு வாசலுக்கு நேரே வேகத்தடையோ சாலை மட்டத்துக்கு மேலோ கீழோ நிற்கும் சாக்கடை மூடியோ வைத்தால், லாரி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர் குலுங்கும்.

மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே சோதனைக் குழி தோண்டிப் பார்த்துவிட வேண்டும். பொக்லைன் இறங்கிய பிறகு பழைய அடித்தளம் தட்டுப்பட்டால், வேலை நின்ற நாளுக்கெல்லாம் ஒப்பந்ததாரர் பணம் கேட்பார். குடிநீர்க் குழாயும் கேபிளும் வரைபடத்தில் காட்டிய இடத்தில் இருப்பது அபூர்வம்.

கடைசியாகச் சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் 5 செ.மீ. வீதம் மூன்று முறை மேலே போட்டால் 15 செ.மீ., ஒரு படி உயரம். அதன்பிறகு மழைநீர் போகும் வழி வீட்டு நடுக்கூடம்தான். ஒவ்வொரு வாசற்படியின் மட்டத்தையும் வரைபடத்தில் குறித்து, சாலையின் விளிம்பு எந்த இடத்திலும் அதைத் தாண்டவில்லை என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.