செப்புக் குழாயும் மணலும்: கருங்கல்லில் துளையிடும் பழைய எகிப்திய முறை

கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் செம்பு 3. கருங்கல்லில் உள்ள கனிமங்களான ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. செப்பு உளியால் கருங்கல்லை அடித்தால் உளிதான் மழுங்கும். எகிப்தியர் கல்லை அறுத்தது மணலால். அந்த மணலும் குவார்ட்ஸ்தான். மணலை அழுத்திப் பிடித்துச் சுழற்றுவது மட்டுமே செம்பின் வேலை.

செய்து பார்க்க 5 செ.மீ. விட்டமும் 2 முதல் 3 மி.மீ. தடிப்பும் உள்ள செப்புக் குழாய் போதும். அதற்குள் இறுக்கமாக நுழையும் மரத்தண்டு, ஒரு மீட்டர் வில், தடித்த கயிறு, தண்டின் தலையை அழுத்திப் பிடிக்கக் குழியுள்ள ஒரு கல், சலித்த மணல் ஆகியவையும் வேண்டும். சிப்பித் தூள் கலந்த கடற்கரை மணல் உதவாது. சிப்பி செம்பளவுதான் கடினம், உடனே மாவாகிவிடும்.

எடுத்த எடுப்பில் குழாயை வைத்துச் சுழற்றினால் அது வழுக்கி ஓடும். குழாயின் வாயளவுக்கு வட்டம் வரைந்து, கடினமான கல்முனையால் கொத்தி, ஆழமில்லாத பள்ளம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பள்ளத்தில் மணலைத் தூவி, தண்டில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். மணல் வெட்டும்போது கரகரவென்று சத்தம் வரும். சத்தம் மெதுவானால் மணல் பொடியாகிவிட்டது என்று பொருள். பொடியை வாரிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மேலிருந்து ஓங்கி அழுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. கயிறு வழுக்கும், மணலும் வீணாக நொறுங்கும்.

உலர்ந்த மணலே வசதி. ஈரமானால் பள்ளத்தின் அடியில் சேறாகக் கட்டிக்கொள்ளும். ஆனால் உலர்ந்த மணலில் எழும் தூசி நுரையீரலை அரித்துவிடும்; தூசியை வடிகட்டும் முகக்கவசம் இல்லாமல் உட்காரவே கூடாது. ஒரு மணி நேரத்துக்குச் சில மில்லிமீட்டர் இறங்கினாலே நல்ல வேகம். குழாயும் கூடவே தேய்ந்து குட்டையாகும்.

போதிய ஆழம் வந்ததும் நடுவில் நிற்கும் கல்தண்டின் பக்கத்தில் ஆப்பு இறக்கித் தட்டினால் அடியில் முறிந்துவிடும். கல்தண்டு மேலே மெலிந்தும் கீழே பருத்தும் இருக்கும். மேற்பகுதியில் மணல் நெடுநேரம் உரசியதால் வருவது அது. இதே வடிவக் கல்தண்டுகளை ஆங்கிலேயத் தொல்லியலாளர் பெட்ரி, எகிப்தில் பிரமிடுகள் உள்ள கீசாவில் கண்டெடுத்தார்.

தொட்டிபோல் குடைய, துளைகளை நெருக்கமாகப் போட்டு இடைச்சுவர்களை உடைத்தெடுக்க வேண்டும். எகிப்திய மன்னர் கூஃபுவின் பிரமிடிலுள்ள கருங்கல் சவப்பெட்டியின் உட்புறத்தில் இத்தகைய துளையின் தடம் இன்றும் இருக்கிறது. அதன் வெளிப்புறத்தில் ரம்பம் தடம் மாறி ஆழமாக இறங்கி, பின்னுக்கு எடுத்து மறுபடி அறுத்த கோடும் தெரிகிறது.