கனடாக் குளிரில் சீமை அத்தி

யாழ்ப்பாணத்தில் எங்கள் கோண்டாவில் வளவில் நிற்கும் நாட்டு அத்தி குளிர் தாங்காது. ரொறன்ரோவில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சீமை அத்தி (fig) தான் சரி, அதிலும் ‘சிக்காகோ ஹார்டி’ இனம் நல்லது. பெரிய சாடியில் வையுங்கள். இலையுதிர்காலத்தில் இலை முழுவதும் கொட்டட்டும், மரம் உறங்கப் போகிறது. அப்புறம் சூடேற்றாத கராஜுக்குள் நகர்த்துங்கள். 0 முதல் 7 பாகை செல்சியஸ் போதும், வெளிச்சம் தேவையில்லை. வீட்டுச் சூட்டில் வைத்தால் வேளைக்கு முன்பே துளிர்த்து மெலிந்துவிடும். மாதம் ஒரு குவளை தண்ணீர், அவ்வளவுதான்.

“அண்ணா, மரம் செத்துப்போச்சு” என்று போன சித்திரையில் தங்கச்சி அழாக்குறையாகச் சொன்னாள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே பச்சைப் பசேல்! மே மாதக் கடைசியில், உறைபனி நின்ற பிறகு, ஒரு கிழமை நிழலில் வைத்துவிட்டு வெயிலுக்கு மாற்றுங்கள்.